மேதைமையும் முறைமையும்: விஸ்வநாதன் ஆனந்தின் ஆட்டங்களைக் கற்றல் குறித்து ஒரு திறனாய்வு நோக்கு

விளையாட்டுகளுள் சதுரங்கத்துக்கு ஒரு தனிச் சிறப்புண்டு. ஓட்டப்பந்தயமோ துடுப்பாட்டமோ முடிந்தபின் அதன் நினைவே எஞ்சுகின்றது. சதுரங்க ஆட்டமோ ஒவ்வொரு நகர்த்தலும் குறித்துவைக்கப்பெற்று, ஆடியோர் மறைந்த பின்னரும் மீள ஆடிப் பார்க்கத்தக்க பனுவலாக நிலைபெறுகின்றது. அதனாலேயே சதுரங்கம் பயில்வோர் முன்னோரின் ஆட்டங்களை வாசிக்கின்றனர் எனக் கூறுதல் பொருந்தும். வாசிப்பு என ஒன்று உளதாயின், அது நல்ல வாசிப்பா, போலி வாசிப்பா என்னும் வினாவும் உடனெழும். இவ்வினாவை, இந்தியாவின் முதற் கிராண்ட்மாஸ்டரும் ஐந்து முறை உலக வாகையருமாகிய விஸ்வநாதன் ஆனந்தின் ஆட்டங்களை முன்வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆனந்தைப் பற்றி நாம் பெரும்பாலும் கேட்பவை இரு வகையின. ஒன்று, அவர் பிறவி மேதை, மின்னல் வேகத்தில் ஆடுபவர் என வியந்து அமைவது. மற்றொன்று, அவர் வென்ற பட்டங்களை ஆண்டு வரிசையில் அடுக்கிக் காட்டுவது. முதலாவது புகழ்மாலை, இரண்டாவது பட்டியல். கற்க விழையும் மாணவனுக்கு இரண்டாலும் பயனில்லை. மேதைமையை ஒருவர் மற்றொருவருக்குக் கற்பிக்க முடியாது. பட்டியலோ எதனையும் விளக்குவதில்லை. ஆனந்தின் ஆட்டங்களிலிருந்து நாம் கற்கக்கூடியது அவர் எவ்வாறு வென்றார் என்பதை மட்டுமன்று. தமக்கு வெற்றி தேடித்தந்த வழியை அவர் எந்நிலையில் தாமே கைவிட்டார், எந்நிலையில் கைவிடத் தவறினார் என்பதையுமாகும். மூலோபாயம் என்னும் சொல்லின் உட்பொருள் ஆங்கேயே பொதிந்துள்ளது எனலாம்.

இரு சொற்களை முதலில் வரையறுத்துக் கொள்வோம். பலகையில் உடனடியாக நிகழும் தாக்குதல், பலி, பொறி ஆகியன தந்திரோபாயம். எத்தகைய நிலைமையை உருவாக்குவது, எதிராளியை எக்களத்துக்கு இட்டுச் செல்வது, எதனைப் பெறுவதற்காக எதனை இழப்பது என்னும் நெடுநோக்கு மூலோபாயம். தந்திரோபாயத்தை ஓராட்டத்திலேயே கண்டுகொள்ளலாம். மூலோபாயத்தைக் காண வேண்டுமாயின் பல ஆட்டங்களையும், சிலபோது ஒருவரது வாழ்வு முழுவதையுமே, ஒருங்குவைத்து நோக்குதல் வேண்டும்.

வேகமும் அதன் சூழலும்

ஆனந்தின் வேகத்திலிருந்து தொடங்குவோம். 1969 டிசெம்பர் 11ஆம் நாள் மயிலாடுதுறையில் பிறந்த அவருக்கு ஆறு வயதிற் சதுரங்கம் கற்பித்தவர் தாயார் சுசீலா. இந்திய ரயில்வேயில் அதிகாரியாக இருந்த தந்தையாரின் பணி நிமித்தம் அக்குடும்பம் 1970களின் இறுதியில் பிலிப்பைன்ஸ் தலைநகரான மணிலாவுக்குச் சென்றது. ஆசியாவின் முதற் கிராண்ட்மாஸ்டராக 1974இல் யூஜினியோ தொர்ரே உருவான நாடு அது. கார்ப்போவும் கொர்ச்னாயும் மோதிய 1978ஆம் ஆண்டு உலகப் போட்டி நடைபெற்றதும் அந்நாட்டின் பாகியோ நகரிலேயே. அந்நாளில் மணிலாத் தொலைக்காட்சியிற் பகற்பொழுதில் ஒரு சதுரங்க நிகழ்ச்சி இடம்பெற்றது. மகன் பாடசாலையில் இருக்கும் வேளையில் ஒளிபரப்பான புதிர்களைத் தாயார் குறித்துவைப்பார். மாலையில் இருவரும் சேர்ந்து விடை காண்பர். சரியான விடைக்கு நூலொன்று பரிசு. பலமுறை பரிசு பெற்றபின், வேண்டிய நூல்களை எடுத்துக்கொண்டு இனி விடை அனுப்பாதிருக்குமாறு நிகழ்ச்சியினர் கேட்டுக்கொண்டனர் என ஆனந்தே கூறியுள்ளார்.

சென்னையில் அவர் பயின்ற இடம், சோவியத் பண்பாட்டு நிலையத்தில் இயங்கிய தால் சதுரங்கக் கழகமாகும். முன்னாள் உலக வாகையர் மிகாயில் தாலின் பெயரைத் தாங்கிய அக்கழகத்தை உருவாக்குவதில் முன்னின்றவர் 1961இல் இந்தியாவின் முதற் சர்வதேச மாஸ்டரான மனுவல் ஆரன். அங்கு இளைஞர்கள் கடிகாரத்தை வைத்து அதிவிரைவு ஆட்டங்களை ஆடினர். வென்றவர் பலகையில் நிலைக்க, தோற்றவர் எழுந்து தம் முறைக்குக் காத்திருக்க வேண்டும். அத்தகைய களத்திற் சிந்தித்துக்கொண்டிருப்பவனுக்கு இடமில்லை. உடன் காண்பவனே நிலைப்பான்.

எனவே ஆனந்தின் வேகத்தை முற்றிலும் பிறவிப் பேறெனக் கொள்வது பொருந்தாது. இயல்பான ஆற்றல் உண்மையே. ஆயின் அவ்வாற்றலுக்கு வடிவம் கொடுத்தவை தாயின் அக்கறை, ஒரு நாட்டின் சதுரங்க ஆர்வம், இன்னொரு நாட்டின் அரசு வளர்த்த மரபு, காத்திருப்போர் நிறைந்த ஒரு கூடம் என்பவையாம். சூழலினின்றும் பிரித்து ஆளுமையை நோக்குவது இலக்கிய ஆய்வில் எத்துணைக் குறையுடையதோ, இங்கும் அத்துணைக் குறையுடையதே. இவ்வேகத்துடன் அவர் 1987இல் பாகியோவில் உலக இளையோர் வாகையரானார்; 1988இல் கிராண்ட்மாஸ்டர் பட்டம் பெற்றார்; 1991-92ஆம் ஆண்டு ரெஜியோ எமிலியாப் போட்டியிற் காஸ்பரோவையும் கார்ப்போவையும் பின்தள்ளி முதலிடம் பெற்றார்.

நியூயோர்க்கில் ஒரு பாடம்

1995இல் நியூயோர்க் உலக வர்த்தக மையத்தின் 107ஆம் மாடியில் ஆனந்த், காரி காஸ்பரோவை உலகப் பட்டத்துக்காக எதிர்கொண்டார். முதல் எட்டு ஆட்டங்களும் சமநிலை. ஒன்பதாவதில் ஆனந்த் வென்றார். அடுத்து வந்த பத்தாவது ஆட்டமே நம் கவனத்துக்கு உரியது.

ஆறாவது ஆட்டத்திற் கறுப்புக் காய்களுடன் தாம் கையாண்ட ஸ்பானிய ஆட்டத்தின் திறந்த வகையையே ஆனந்த் பத்தாவதிலும் மீண்டும் தேர்ந்தார். பதினோராம் நகர்த்தலில் வெள்ளைக் குதிரை பாய்ந்து முன்செல்லும் முறையும் அதுவே. இம்முறை 1978இற் பாகியோப் போட்டியிற் கார்ப்போவ் கையாண்டது. சோவியத் ஆய்வாளர் இகோர் சைற்செவின் சிந்தனையிற் பிறந்தது. இடைப்பட்ட நாள்களிற் காஸ்பரோவின் குழு அந்நிலையை ஆழ உழுதிருந்தது. பதினான்காம் நகர்த்தலில் மந்திரியை ஒதுக்கி, பதினைந்தாம் நகர்த்தலிற் குதிரையைத் திருப்பி, தம் கோட்டையொன்றையே பலியிட்டுக் காஸ்பரோவ் தாக்கினார். பலகையின் முன் தனியாக அமர்ந்து விடை காணக்கூடிய வினாவன்று அது. ஆனந்த் தோற்றார். 10 முதல் 14 வரையான ஐந்து ஆட்டங்களில் நான்கை இழந்தார். 10½-7½ எனப் போட்டி முடிந்தது.

இத்தோல்வியைப் புகழ்மாலை விரைந்து கடந்துவிடும். திறனாய்வு இங்கேயே தரித்து நிற்கும். ஆனந்த் செய்த பிழை யாது? பலகையில் அவர் செய்த பிழைகள் இரண்டாம் நிலையின. எதிராளி ஏற்கனவே கண்டுவிட்ட களத்தை, அவர் ஆராய்வதற்குப் போதிய அவகாசம் கொடுத்தபின், மீண்டும் தேர்ந்தெடுத்ததே முதற் பிழை. ஆட்டம் பலகையில் தொடங்குவதில்லை, பல நாள்களுக்கு முன் ஓர் அறையில் பலர் கூடிய உழைப்பிலே தொடங்குகின்றது என்னும் உண்மை அவருக்கு அன்று விலை கொடுத்துப் பெறவேண்டியதாயிற்று. கூடத்தில் வளர்ந்த வேகம், அறையில் விளைந்த உழைப்பின்முன் போதாமற்போயிற்று.

பொன் நகரில் அப்பாடத்தின் பயன்

பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 2008இல், ஜேர்மனியின் பொன் நகரில் ஆனந்த் விளாடிமிர் கிராம்னிக்கைச் சந்தித்தார். 2000இல் ஓராட்டமும் தோற்காது காஸ்பரோவிடமிருந்து பட்டத்தைக் கைப்பற்றியவர் கிராம்னிக். அமைதியான நிலைகளில் அசைக்கவியலாதவர் எனப் பெயர் பெற்றவர். ஆனந்தோ வாழ்நாளெல்லாம் அரசனின் முன்னுள்ள காலாளை இரு கட்டங்கள் நகர்த்தியே வெள்ளை ஆட்டத்தைத் தொடங்கி வந்தவர். எவரும் எதிர்பாராத வகையில், இப்போட்டியில் அவர் அரசியின் முன்னுள்ள காலாளை நகர்த்தித் தொடங்கினார். இறுதி ஆட்டமான பதினோராவதிலேயே பழைய வழிக்கு மீண்டார். கிராம்னிக் பல மாதம் ஆராய்ந்து வந்த விடைகளுக்குரிய வினாக்கள் கேட்கப்படவே இல்லை.

கறுப்புக் காய்களுடன் மூன்றாம், ஐந்தாம் ஆட்டங்களில் அவர் மெரான் என்னும் வகையை மேற்கொண்டார். தம் அரசன் நடுப்பகுதியில் நிற்பதையும் பொருட்படுத்தாது, எதிரரசனை நோக்கிய கோடுகளைத் திறப்பதே அங்கு அவர் நோக்கு. கோட்டைபோல் அமைந்த ஆட்டக்காரரை மதிலுக்கு வெளியே வரவழைத்தமைக்கு ஒப்பானது இது. ஐந்தாம் ஆட்டத்திற் கிராம்னிக் ஒரு காலாளை வெட்டிப் பயன்பெற்றதாகக் கருதிய வேளையில், 34ஆம் நகர்த்தலில் ஆனந்தின் குதிரை எதிர்ப்பாசறையுட் புகுந்தது. தடுத்தற்கரிய காலாளொன்று அரசியாக விரைந்தது. அந்நகர்த்தல் தந்திரோபாயம், அத்தகைய நகர்த்தல்கள் நிகழக்கூடிய நிலத்துக்குக் கிராம்னிக்கை அழைத்து வந்தது மூலோபாயம். ஆறு ஆட்டங்களின் முடிவில் 4½-1½ என முன்னின்ற ஆனந்த், 6½-4½ எனப் போட்டியை வென்றார்.

நியூயோர்க்கில் எந்த ஆயுதத்தால் வீழ்த்தப்பட்டாரோ அதே ஆயுதத்தை இங்குத் தாம் ஏந்தினார் என்பதே இவ்விரு போட்டிகளையும் இணைத்து வாசிப்போன் பெறும் முடிபாகும். இது தனியொருவர் சாதனையுமன்று. டென்மார்க்கின் பீட்டர் ஹைன் நீல்சன், உஸ்பெகிஸ்தானின் ருஸ்தம் காசிம்ஜானோவ், போலந்தின் ரடோஸ்லாவ் வோய்தாசேக், வங்கத்தின் சூர்ய சேகர் கங்குலி ஆகியோரின் கூட்டுழைப்பு அதற்குப் பின்னணியில் இருந்தது. மேதை தனித்து நிற்பவன் என்னும் கற்பனாவாதக் கருத்துக்கு இதனினும் தெளிவான மறுப்பு வேண்டுவதில்லை.

2010இற் சோபியாவில் வெசலின் தொபலோவுடன் நடைபெற்ற போட்டி வேறொரு நுட்பத்தைக் காட்டுகின்றது. பதினோராட்டங்களின் பின் இருவரும் சமநிலையில் இருந்தனர். பன்னிரண்டாம் ஆட்டமும் சமநிலையாயின் விரைவு ஆட்டங்கள் தொடரும். விரைவு ஆட்டத்தில் ஆனந்தே வல்லவர் என்பது யாவரும் அறிந்தது. அதனைத் தவிர்க்க விழைந்தே தொபலோவ் அளவுமீறி வெற்றியை நாடினார் என அன்று பலரும் கருதினர். ஆனந்த் லஸ்கரின் பழந்தற்காப்பை மேற்கொண்டு பொறுத்திருந்தார். தொபலோவ் 31, 32ஆம் நகர்த்தல்களில் தம் அரசனை நோக்கிய நீண்ட மூலைக்கோட்டைத் தாமே திறந்துவிட்டுத் தோற்றார். இங்கு ஆனந்தின் வேகம் பயன்படுத்தப்படாமலேயே பயன் தந்தது. பயன்படுத்தாது வைத்திருக்கும் வலிமையும் மூலோபாயத்தின் ஒரு கூறே.

மரபை வாசித்தல்

2013 ஜனவரியில் நெதர்லாந்தின் வைக் ஆன் சேயில் லெவோன் அரோனியனை ஆனந்த் கறுப்புக் காய்களுடன் 23 நகர்த்தல்களில் வென்ற ஆட்டம், அவருடைய ஆட்டங்களுள் அழகாற் சிறந்தவற்றுள் ஒன்று. தாக்குண்டு நிற்கும் காய்களைப் பின்வாங்காது மேலும் காய்களைக் களத்திற்கு இறக்குகின்றார். தம் கோட்டையை வெட்டிய குதிரையை உடன் வெட்டாமல், 19ஆம் நகர்த்தலில் ஒரு காலாளை அமைதியாக முன்செலுத்துகின்றார். இரு மந்திரிகளும் எதிரரசனை நோக்கி ஒருசேர நிற்க, அரோனியனுக்கு வழியில்லை. 1907இல் லோட்ஸ் நகரில் ரொட்லேவியை அகிபா ருபின்ஸ்டைன் வென்ற புகழ்பெற்ற ஆட்டத்தை இவ்வாட்டம் நினைவூட்டுவதைக் கண்டோர் பலர். ஆனந்தும் அதனைச் சுட்டினார். நகர்த்தல்களின் ஒரு பகுதி, முந்திய ஆண்டில் மொஸ்கோவில் போரிஸ் கெல்பாண்டுக்கு எதிரான போட்டிக்காக ஆராயப்பட்டது.

இவ்வாட்டத்திற் புதுமை எது, மரபு எது எனப் பிரிப்பது எளிதன்று. நூறாண்டுக்கு முந்திய ஒரு கருத்து, கணினியின் துணைகொண்ட ஆய்வினூடாக, இன்றைய களத்தில் மறுபிறவி எடுக்கின்றது. மரபை அறியாதவன் இதனை ஒரு வியப்பாக மட்டும் காண்பான். அறிந்தவன் ஒரு தொடர்ச்சியாகக் காண்பான்.

எல்லைகள்

ஆனந்தின் மூலோபாயத்துக்கும் எல்லையுண்டு. அதனைச் சொல்லாது விடுவது அவருக்குச் செய்யும் மரியாதையாகாது. 2013 நவம்பரிற் சென்னையில் மாக்னஸ் கார்ல்சன் அவரை எதிர்கொண்டபோது, தொடக்க ஆய்வு என்னும் களத்திலேயே கார்ல்சன் போருக்கு வரவில்லை. வெற்றிக்கு வழியற்றவை போன்று தோன்றும் எளிய நிலைகளை ஏற்று, மணிக்கணக்காகச் சிறு சிறு வினாக்களைத் தொடுத்துக்கொண்டிருந்தார். ஐந்தாம், ஆறாம் ஆட்டங்கள் இரண்டும் கோட்டைகள் எஞ்சிய இறுதிக் கட்டங்களில் ஆனந்தின் கையினின்றும் நழுவின. ஒன்பதாவதில் அவர் துணிந்து தாக்கினார். எதிராளியின் காலாள் அரசியான தறுவாயில், 28ஆம் நகர்த்தலில் மந்திரிக்குப் பதிலாகக் குதிரையைத் திருப்பி உடன் தோற்றார். முடிவு 6½-3½.

பொன் நகரிற் கிராம்னிக்குக்கு ஆனந்த் செய்ததையே கார்ல்சன் இங்கு அவருக்குச் செய்தார்: எதிராளி ஆயத்தமாயிருந்த வினாவைக் கேட்கவில்லை. இதனை ஆனந்த் உணராதிருந்தார் எனக் கூறல் இயலாது. ஆயின் உணர்ந்தபின் களத்தை மாற்றுவதற்குப் பெரிதும் தாமதித்தார் என்பதே என் கணிப்பு. எட்டு ஆட்டங்களிற் காணப்படாத தாக்குதல் ஒன்பதாவதில் வந்தபோது, அது தேர்வாக அமையாமல் நெருக்கடியின் விளைவாகவே அமைந்தது.

அடுத்த ஆண்டு பலரும் அவர் காலம் முடிந்ததென்றனர். அவரோ கான்டி-மான்சிஸ்க்கில் நடைபெற்ற சவாலாளர் போட்டியில் ஓராட்டமும் தோற்காது முதலிடம் பெற்று மீண்டும் கார்ல்சனைச் சோச்சியிற் சந்தித்தார். அப்போட்டியின் ஆறாம் ஆட்டத்திற் கார்ல்சன் 26ஆம் நகர்த்தலில் அரசனைத் தவறான கட்டத்துக்கு நகர்த்தினார். ஆனந்த் குதிரையால் ஒரு காலாளை வெட்டியிருப்பின் ஆட்டத்தின் போக்கே மாறியிருக்கும். அவரோ அதனைக் காணாது, விரைவாக வேறொரு காலாளை நகர்த்தினார். தால் கழகத்தில் அவரைப் பலகையில் நிலைக்கச் செய்த அதே வேகம், சோச்சியில் ஒரு கணம் தாமதிக்க விடவில்லை. ஒருவரது குணமும் குறையும் பெரும்பாலும் ஒரே வேரில் முளைப்பவை என்பதற்கு இதனினும் நல்ல சான்று காண்டல் அரிது.

கற்போன் செய்யத்தக்கது

இவற்றால் மாணவன் பெறும் வழிமுறை யாது? முதலாவதாக, ஆட்டங்களைத் தனித்தனியே படியாது இணையாகப் படித்தல் வேண்டும். நியூயோர்க்கின் பத்தாவதையும் பொன் நகரின் மூன்றாவதையும் அடுத்தடுத்து வைத்துப் படிப்போன், இரண்டையும் தனித்துப் படிப்போனினும் மிகுதியாகக் கற்பான். சிறந்த ஆட்டங்களின் தொகுப்புகள், பொதுவாக, வெற்றிகளைக் கொண்டே அமைபவை. 1998இல் வெளிவந்த ஆனந்தின் தொகுப்பு பயனுடைய நூலே. எனினும், தேர்ந்தெடுத்த வெற்றிகள் மட்டும் ஒருவரின் முழுச் சிந்தனையைக் காட்டமாட்டா.

இரண்டாவதாக, ஆட்டத்தை மூடிவைத்துப் படித்தல் வேண்டும். ஒரு தாளால் அடுத்த நகர்த்தலை மறைத்து, தன் தேர்வையும் அதன் காரணத்தையும் எழுதிய பின்னரே தாளை விலக்க வேண்டும். வேறுபாடு காணப்படும் இடமே பாடம் உள்ள இடம். இன்று கணினி எந்நிலைக்கும் நொடியில் தீர்ப்பு வழங்கும். தீர்ப்பை முதலிற் கேட்டவன் காரணத்தைத் தேடமாட்டான். ஆகையால் அதனை இறுதியிற் கேட்டலே முறை.

மூன்றாவதாக, ஆனந்தின் தொடக்க முறைகளை மனனம் செய்து ஆடுவது வீண். கிராம்னிக்கின் இயல்பை ஆராய்ந்து தெரிவுசெய்யப்பட்ட மெரான், அடுத்த ஊர் எதிராளிக்கும் உரியதாகுமென எண்ணுவது, பொருளறியாது செய்யுளை ஒப்புவிப்பதற்கு நிகர். பின்பற்றவேண்டியது அவர் தேர்ந்த முறையையன்று, தேர்ந்தெடுத்த விதத்தை: என் வலிமை எது, எதிராளி எங்கு வசதியாக உணர்கின்றான், அவன் ஆயத்தம் செய்யாத வினா எது?

சென்னைப் போட்டியைக் கண்ணாடிச் சுவருக்கு அப்பால் நின்று பார்த்தோருள் ஏழு வயதுச் சிறுவனொருவனும் இருந்தான். பதினோராண்டுகளின் பின், 2024 டிசெம்பர் 12ஆம் நாள், சிங்கப்பூரில் டிங் லிரெனை வென்று பதினெட்டு வயதில் உலக வாகையரான குகேஷே அச்சிறுவன். இறுதியான பதினான்காம் ஆட்டம் சமநிலையில் முடியுமென யாவரும் எண்ணிய ஓர் எளிய இறுதிக் கட்டம். அதனை விடாது ஆடிக்கொண்டேயிருந்த குகேஷுக்கு 55ஆம் நகர்த்தலில் எதிராளி பிழை செய்து வழிவிட்டார். ஆனந்தின் பயிற்சியகத்திலும் வழிகாட்டலிலும் வளர்ந்தவர் அவர். ஆயினும் அன்று அவருக்குக் கைகொடுத்த பொறுமை, சென்னையில் ஆனந்தை வீழ்த்திய பொறுமையின் இனத்தது. ஆசான் வென்ற ஆட்டங்களோடு தோற்ற ஆட்டங்களும் மாணவனுக்குப் பாடநூலாகும் என்பதற்கு இது போதிய சான்றாகும்.